‘ஆழி சூழ் உலகு’ நாவலில் அறுபதாம் பக்கத்தைத் தாண்ட இயலவில்லை: வட்டார வழக்கு நாவல்களை எப்படிப் படிக்கிறீர்கள்?

கேள்வி: தஞ்சாவூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் இருபது ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். மாதத்திற்கு இரண்டு நாவல்களாவது எடுத்துப் படித்து முடித்துவிடுவது வழக்கம். சென்ற மாதம் ஜோ டி குரூஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’ நாவலை எடுத்து வந்தேன். கம்பராமாயணத்தில் கைகேயி இராமனிடம் சொல்லும் ‘ஆழி சூழ் உலகம் எல்லாம் பரதனே ஆள’ என்ற அடி பள்ளி நாள்களிலிருந்தே எனக்கு மனப்பாடம் என்பதால், அலமாரியில் அந்தத் தலைப்பைப் பார்த்தவுடன் கை தானாக நீண்டது.

தொடக்கம் என்னை உலுக்கியது. கட்டுமரம் உடைந்து மூன்று பேர் நடுக்கடலில் தத்தளிக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து கதை பின்னோக்கி நகர்ந்து ஆமந்துறை என்னும் கடற்கரை ஊருக்குள் போனதும், எனக்குக் காலடி மண் நழுவியதைப் போல ஆகிவிட்டது. காற்றுக்கு ஒரு பெயர், நீரோட்டத்துக்கு ஒரு பெயர், வலையின் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் என்று பக்கத்திற்குப் பத்துச் சொற்கள் தெரியாதவையாக இருந்தன. ஒவ்வொன்றையும் அகராதியில் தேடினேன். பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டு முறை புதுப்பித்தும் அறுபதாம் பக்கத்திலேயே நிற்கிறேன்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’, ‘அம்மா வந்தாள்’ இரண்டையும் எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. வட்டார வழக்கு இல்லாத அத்தகைய நாவல்களில் எந்தத் தடையும் இன்றி மூழ்கிவிட முடிகிறது. அப்படியிருக்க, இந்த நாவலை இவ்வளவு பேர் போற்றும்போது என்னால் மட்டும் ஏன் முடியவில்லை என்ற வருத்தம் இருக்கிறது. நீங்கள் அண்மையில் படித்த வட்டார நாவல்கள் எவை, அவற்றுக்குள் எப்படி நுழைந்தீர்கள் என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதா, இன்னொரு முறை புதுப்பிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

மறுமொழி: நாகர்கோவில் வாசகி (ஓய்வுபெற்ற தமிழாசிரியை)

தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், ஐயா. ஆனால் வழி சொல்வதற்கு முன்னால் உங்கள் கேள்வியில் உள்ள ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். ‘மோகமுள்’ நாவலில் வட்டார வழக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாவலின் கும்பகோணத்துப் பேச்சு முழுக்க முழுக்க வட்டார வழக்குதான். பாபுவும் யமுனாவும் ரங்கண்ணாவும் பேசுவது காவிரிக் கரையின் பேச்சு. அதிலும் குறிப்பிட்ட ஒரு சமூகத்தின் வீட்டுப் பேச்சு. அது உங்கள் ஊர்க்காற்றிலேயே கலந்திருப்பதால் உங்களுக்கு வழக்காகத் தெரியவில்லை. நான் பதினெட்டு வயதில் அந்த நாவலைப் படித்தபோது, ‘ஏண்டா’, ‘வந்துட்டுப் போறேன்’ போன்ற எளிய தொடர்களின் குழைவைக்கூட என் காதுக்குப் பழக்கிக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. யாரிடமும் பொருள் கேட்கவில்லை. படித்துக்கொண்டே போனேன், பழகிவிட்டது.

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் குடிக்கிற தண்ணீருக்கு ‘வெள்ளம்’ என்று பெயர். கொள்ளிடம் பெருகுவதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, ‘கொஞ்சம் வெள்ளம் தா’ என்று ஒரு பாத்திரம் கேட்டால் திகைப்பாகத்தான் இருக்கும். ‘விளை’ என்றால் உங்களுக்கு விளைச்சல் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது மரங்கள் நிற்கிற மேட்டு நிலம். பதநீரை ‘அக்கானி’ என்போம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் தொடர்ச்சியான அரசோடும் இருந்த நிலம் இது. அதனால் சொற்களில் மலையாளமும் பழந்தமிழும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஆகவே என்னுடைய ஆலோசனை, பெரிய கடலில் இறங்குவதற்கு முன்னால் சிறிய ஓடையில் கால் நனைப்பது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964-இல் வெளிவந்த மெலிந்த நாவல். சென்ற மாதம்தான் நான்காம் முறையாக நூலகத்திலிருந்து எடுத்துப் படித்தேன். நொடித்துப்போன ஒரு பனைவிளைக் குடும்பத்தில் பிறந்த லிஸி, பருவம் அடைந்ததும் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபடுகிறாள். அவள் மனம் பனையேறியின் மகனான தங்கராசிடம் செல்கிறது. பெரிய சம்பவங்கள் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது மெல்லிய கதையாகப்படலாம். ஆனால் அடைபட்ட வீட்டின் ஜன்னல் வழியாகப் பனங்காட்டைப் பார்க்கிற ஒரு பெண்ணின் காலம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை இதைவிட நேர்மையாக எழுதிய தமிழ் நாவலை நான் படித்ததில்லை. அங்கே வழக்குச் சொற்கள் உறவுகளின் வாயிலிருந்து வருகின்றன. யார் பேசுகிறார்கள் என்பது தெரிவதால் பொருளும் தெரிந்துவிடுகிறது.

அடுத்ததாகத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை எடுங்கள். தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து மலையாளத்தில் கல்வி கற்ற அவர், அந்தக் கரையின் இஸ்லாமியர் பேச்சை அப்படியே கொண்டுவந்தார். ஊரையே தன் சொல்லுக்குள் வைத்திருக்கும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரமும், ஊருக்கு வரும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து அந்த அதிகாரம் அடையும் அச்சமும் அரபுச் சொற்களும் மலையாளச் சொற்களும் கலந்த அந்தத் தமிழில் இல்லாமல் வேறு தமிழில் சொல்லப்பட்டிருந்தால் பாதி இறந்துபோயிருக்கும். இந்த இரண்டையும் முடித்துவிட்டு ஆமந்துறைக்குத் திரும்புங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் நிற்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாத பல தொடர்கள் காதுக்குப் புரியும்.

மறுமொழி: சென்னை வாசகர் (மெய்ப்புத் திருத்துநர்)

ஆசிரியை அவர்கள் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் சுமை முழுவதையும் வாசகரின் தோளில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாக நாவல்களுக்கு மெய்ப்புப் பார்த்து வருபவன் என்ற முறையில் ஒரு வேறுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன். வட்டாரச் சொல் வேறு, வட்டார உச்சரிப்பை எழுத்தில் காட்டுவது வேறு. ‘அக்கானி’ என்ற சொல்லுக்கு மாற்று இல்லை. அது அப்படியேதான் இருக்க வேண்டும். ஆனால் ‘இருக்கிறது’ என்பதை ஒரே பாத்திரத்தின் வாயில் ஒரே பக்கத்தில் ‘இருக்கு’, ‘இரிக்கி’, ‘இருக்கிது’ என்று மூன்று விதமாக எழுதும் நாவல்கள் உண்டு. அவற்றில் வாசகர் தடுமாறுவது நிலத்தின் செழுமையால் அன்று. எழுதியவரும் பதிப்பித்தவரும் ஒரு முறைமையை வகுத்துக்கொள்ளாததால்தான். அண்மையில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு புதிய நாவலை இதே காரணத்தால் பாதியில் மூடி வைத்தேன். பெயரைச் சொல்வது இங்கே தேவையில்லை.

கேள்வி கேட்ட நண்பர் தம்மையே குறை சொல்லிக்கொள்வதால்தான் இதை எழுதுகிறேன். பின்னிணைப்பாக நான்கு பக்கங்களுக்குச் சொற்பொருள் பட்டியல் கொடுப்பதால் எந்த நாவலும் தரம் தாழ்ந்துவிடாது. வெளியூர் வாசகரும் நம் வீட்டுக்குள் வரட்டும் என்று வாசலில் ஒரு விளக்கு வைப்பது போன்றது அது.

மறுமொழி: கோவில்பட்டி வாசகர்

சென்னை நண்பர் காட்டிய வேறுபாடு சரியானது. அதனோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பாத்திரங்கள் மட்டும் வழக்கில் பேசுகிறார்களா, கதை சொல்பவரும் வழக்கிலேயே சொல்கிறாரா என்பது. முதல் வகையில் வாசகருக்குப் பொதுத்தமிழ் என்னும் கைப்பிடி ஒன்று எப்போதும் இருக்கும். இரண்டாம் வகையில் கைப்பிடி இல்லை. சொல்பவரின் குரலையே பற்றிக்கொண்டு நடக்க வேண்டும். ஆனால் அந்தக் குரல் நல்ல கதைசொல்லியின் குரலாக அமைந்துவிட்டால் கைப்பிடி தேவைப்படுவதே இல்லை.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலை எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் இரண்டு மாதங்களுக்கு முன்பு சேர்ந்து படித்தோம். 1976-இல் வந்த நாவல். கண்மாயில் தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணியை நகைக்காக ஒருவன் நீருக்குள் அமுக்குவதும், அவள் அவன் கால் விரலைக் கடித்தபடியே இறந்துபோவதுமான அந்தக் காட்சியைப் படிக்கும்போது யாருக்கும் அகராதி நினைவு வரவில்லை. நூற்று முப்பத்தேழு வயதான மங்கத்தாயாரு அம்மாள், ஆந்திர தேசத்திலிருந்து தம் மக்கள் தெற்கே ஓடி வந்த கதையைச் சொல்லத் தொடங்கியதும், எங்களில் பலர் தம் பாட்டியின் குரலையே கேட்டோம். வட்டத்தில் இருந்த வடமாவட்ட இளைஞர் ஒருவர் மட்டும், கதை வளர்வதற்குப் பதிலாகக் கிளை கிளையாகப் பிரிந்து போகிறது என்று குறைபட்டார். அது நியாயமான குறைதான். அந்த நாவலை ஒரே கதையாக எதிர்பார்த்துப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஊர் மடத்தில் உட்கார்ந்து கேட்பதைப் போலப் படிக்க வேண்டும்.

சொற்பொருள் பட்டியல் வேண்டும் என்பதற்கு வலுவான சான்று கி.ரா.வே. நாவல்களை எழுதியதோடு நிற்காமல், 1982-இல் கரிசல் சொற்களைத் தொகுத்து ‘வட்டார வழக்குச் சொல்லகராதி’யையும் கொண்டுவந்தார். மாவட்ட மைய நூலகங்களின் குறிப்புதவிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். நான் அதை நாவலின் துணைக்காக எடுத்துத் தனி நூலாகவே படித்து முடித்தேன்.

பெரிய நாவல் அயர்ச்சி தருகிறது என்றால் பூமணியின் ‘வெக்கை’யைப் படிக்கலாம். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டுத் தந்தையோடு தலைமறைவாகும் ஒரு சிறுவனின் எட்டு நாள்கள்தான் கதை. ‘அசுரன்’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். ஆனால் படத்தில் கோபம் முன்னால் நிற்கிறது; நாவலில் கோபம் அடங்கி, காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் அந்த இருவரும் கிடைத்ததைச் சமைத்து உண்பதும் பழங்கதை பேசுவதுமே நிறைந்திருக்கின்றன. கொலை செய்த கையால் அந்தப் பையன் அடுப்பு மூட்டுவதைப் படிக்கும்போது எனக்கு உடல் நடுங்கியது.

மறுமொழி: யாழ்ப்பாண வாசகர்

வணக்கம். நான் எழுதப்போவதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தலைமுறையினர் இங்கே இந்தியச் சஞ்சிகைகளையும் நாவல்களையும் வாசித்தே வளர்ந்தோம். அக்கிரகாரத்துப் பேச்சும் சென்னைப் பேச்சும் மதுரைப் பேச்சும் எங்களுக்கு எவரும் பொருள் சொல்லித் தந்தவையல்ல. ஆனால் எங்கள் நாவல்கள் அக்கரைக்குச் செல்லும்போது ‘பேந்து’, ‘கதிரை’, ‘வடிவு’ போன்ற சொற்களுக்கே அடிக்குறிப்புக் கேட்கப்படுகிறது. தஞ்சாவூர் அண்ணா ஆமந்துறைச் சொற்களுக்காக இரண்டு முறை நூலைப் புதுப்பித்துப் போராடியிருக்கிறார் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. அந்த உழைப்பு ஒரு கரையிலிருந்து மட்டும் வந்துகொண்டிருக்கக் கூடாது.

காற்றின் பெயர்களே தடையாக இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். அவற்றைத் தெரியாத சொற்கள் என்று எண்ணாமல் பாருங்கள். சங்கப் பாடல்களில் வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். பாடப்புத்தகத்தில் நீங்களும் நானும் படித்த அதே இரண்டு பெயர்களையும் உங்கள் தென்கரை மீனவரும் எங்கள் வடகரை மீனவரும் இன்றைக்கும் சொல்கிறார்கள். மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்பார்கள். எங்கள் ஊரில் கடைக்காரர் ‘கச்சான்’ என்று கூவினால் அது வறுத்த நிலக்கடலை. கடலுக்குப் போகிறவர் சொன்னால் அது காற்று. கச்சான் எழும்பிவிட்டது என்றால் அன்றைக்குத் தொழிலுக்குப் போவதா இல்லையா என்ற தீர்மானமும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கும். ‘மேல்காற்று’ என்று அடிக்குறிப்பில் போட்டால் திசை மட்டும் விளங்கும், அந்த அச்சம் விளங்காது. இதனால்தான் பட்டியல் வேண்டும் என்ற கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை.

இந்த மாதம் நான் மீண்டும் வாசித்தது செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. 1973-இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்து, 1978-இல் திரைப்படமாகவும் ஆன நாவல். வாடை தொடங்கும் பருவத்தில் வெளியூர் மீனவர் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி எனப்படும் தற்காலிகக் குடில் அமைத்துத் தொழில் செய்வதும், அவர்களுக்கும் தீவு மக்களுக்கும் இடையில் முளைக்கும் பகையும் காதலுமே கதை. காதல் பகுதிகள் அந்தக் காலத்துத் தொடர்கதைகளின் சாயலோடு சற்று மிகையாகவே இருக்கின்றன. ஆனால் காற்று மாறுவதோடு மனிதர்களின் நடத்தையும் மாறுவதை நாவலாசிரியர் காட்டும் விதத்துக்காகவே அதை வாசிக்கலாம். ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஏராளமாக எண்ணிம வடிவில் உள்ளன, தேடிப் பாருங்கள். அண்ணா அதை வாசித்துவிட்டு இரண்டு கரையின் கடலையும் ஒப்பிட்டு எழுதினால் மிகவும் விரும்பி வாசிப்பேன்.

மறுமொழி: ஈரோடு வாசகி

கொங்கு நாட்டை யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலராலும் சொல்லப்படுவது. கணவனை இழந்தவள் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள், அது கொலையில் முடிகிறது. கோவில்பட்டி நண்பர் சொன்ன முதல் வகைக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு: விவரிப்பு எளிய பொதுத்தமிழ், பேச்சு கொங்குத் தமிழ். இப்படி எழுதியவரே வங்காளத்துக் கிராமத்தைச் சொல்லும் ‘பதேர் பாஞ்சாலி’யையும் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யும் நூலகங்களில் எளிதில் கிடைக்கும். ஆடு மேய்க்கும் பண்ணையத்துச் சிறுவன் கூளையனுக்கும் பண்ணைக்காரர் மகன் செல்வனுக்கும் இடையே உள்ளது நட்பா, ஆண்டான் அடிமை உறவா என்று கடைசி வரைக்கும் மனம் பதறிக்கொண்டே இருக்கும். என் பன்னிரண்டு வயது மகளுக்கு நான் வாய்விட்டுப் படித்துக் காட்டிய நாவல் இது. பல சொற்களுக்கு அவள் என்னிடம் பொருள் கேட்டாள். சிலவற்றுக்கு நான் என் மாமியாரிடம் கேட்டேன். இதே ஆசிரியர் 2000-இல் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யையும் தொகுத்திருக்கிறார்.

கேட்டவரின் மறுமொழி: தஞ்சாவூர் வாசகர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. நாகர்கோவில் அம்மா சொன்னதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். ‘மோகமுள்’ வட்டார வழக்கு இல்லாத நாவல் என்று நான் எழுதியது தவறுதான். அன்றிரவே அந்த நாவலை எடுத்துச் சில பக்கங்களை வேறு ஊர்க்காரரின் கண்ணோடு படித்துப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியாமலேயே நான் எவ்வளவு சலுகையோடு படித்து வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

‘புத்தம் வீடு’ நாவலை இரண்டு நாள்களில் முடித்தேன். முடிவு சற்று அவசரமாக வந்துவிட்டதாக எனக்குப்பட்டது. ஆனால் லிஸி வீட்டுக்குள் அடைபடும் பகுதியைப் படித்தபோது, அறுபதுகளில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட என் அத்தையின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. புத்தகத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகு ‘ஆழி சூழ் உலகு’ நாவலை முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை அகராதியைத் தொடவில்லை. இரவு உணவுக்குப் பிறகு மாடியில் அமர்ந்து வாய்விட்டுப் படித்தேன். இப்போது முந்நூறு பக்கங்களைக் கடந்துவிட்டேன். ‘நீவாடு’ என்ற சொல் முதல் முறை வந்தபோது விளங்கவில்லை. நான்காம் முறை வந்தபோது, கட்டுமரத்தின் மேல் நிற்கிறவர்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதைக் கொண்டே அது நீரோட்டம் என்று புரிந்தது. யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னதை நான் அந்த இடத்தில்தான் ஏற்றுக்கொண்டேன்: பட்டியலில் பார்த்திருந்தால் எனக்குப் பொருள் மட்டும் கிடைத்திருக்கும். எனினும் சென்னை நண்பர் சொல்வதையும் முற்றிலும் தள்ள மாட்டேன். சொற்களைவிட என்னை அதிகமாகத் தடுமாற வைத்தது பாத்திரங்களின் எண்ணிக்கை. அரை நூற்றாண்டுக் காலத்தில், பல தலைமுறைகளில், யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஒரு குறிப்பேட்டில் வரைந்து வைத்துக்கொண்டே படிக்கிறேன். வம்சாவளி ஒன்றை முன்பக்கத்தில் அச்சிட்டுத் தந்தால் என்னைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

நடுக்கடலில் தத்தளிக்கும் அந்த மூன்று பேரிடம் கதை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் அவர்களுடைய ஊரையும் முன்னோரையும் நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்துகொண்ட பிறகே வருகிறது. அதனால் அவர்கள் பிழைக்க வேண்டுமே என்ற தவிப்பும் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிறது. தயவுசெய்து யாரும் முடிவை இங்கே எழுதிவிட வேண்டாம்.

நூலகர் மூன்றாம் முறையும் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும். இதே ஆசிரியரின் ‘கொற்கை’யும் அதே அலமாரியில் இருக்கிறது. தூத்துக்குடித் தோணிகளைப் பற்றியது, ஆயிரம் பக்கங்களுக்கு மேல். அதை உடனே எடுப்பதா, ‘வாடைக்காற்று’ நாவலைப் படித்துவிட்டு எடுப்பதா என்று இரண்டையும் படித்தவர்கள் சொல்லுங்கள்.